விளம்பரத்துக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர்

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் பழைய தையல் மெஷின்களை வாங்கி, சரிசெய்து விற்கிறேன். கால் மெஷின், பவர் மெஷின், ஓவர்லாக், நடுவே யாராவது கொடுத்தால் கிரைண்டர், பீரோ கூட. தெருவில் போர்டு வைத்த கடை இல்லை. ஓஎல்எக்ஸிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் யார் வீடு மாறினாலும், "அக்கா, இந்தக் கட்டிலுக்கு ஒரு விளம்பரம் போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். போட்டோ எப்படி எடுப்பது, விலை எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் அப்புறம். எந்த நம்பரில் போடப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பெரும்பாலானோரிடம் இருப்பது ஒரே நம்பர். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளிக்கூடம், வாட்ஸ்அப், யூபிஐ எல்லாம் அதில்தான். வீட்டுச் சாவிக்கொத்தைத் தெருவிளக்குக் கம்பத்தில் மாட்டிவைக்க யாருக்கும் மனம் வராது. அந்த நம்பரை விளம்பரத்தில் போட மட்டும் யோசிப்பதே இல்லை. கட்டில் ஒரு வாரத்தில் விற்றுவிடும். அன்னூர் பக்கம் வீட்டு மனை சைட் வேண்டுமா, பர்சனல் லோன் வேண்டுமா, ஷேர் மார்க்கெட் டிப்ஸ் குரூப்பில் சேர்கிறீர்களா என்ற அழைப்புகள் அதற்கப்புறமும் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் யூபிஐ செயலியில் யாராவது தெரிந்தவரின் நம்பரைத் தட்டினால், வங்கியில் பதிவான அவர் முழுப்பெயர் திரையில் வந்து நிற்கும். உங்கள் நம்பர் கிடைத்தவருக்கும் அப்படித்தான். விளம்பரத்தில் ஏரியா இருக்கிறது, நம்பரிலிருந்து பெயர் வருகிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் ட்ரூகாலர் செயலியில் மற்றவர்கள் உங்களை என்ன பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்பதும் வருகிறது. அடுத்து வரும் போனில் "வணக்கம்" என்பதோடு உங்கள் முழுப்பெயரையும் சேர்த்துச் சொன்னால், வங்கியிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நம்பத் தோன்றுவது இயல்புதான்.

இதற்குத் தீர்வு நம்பரை ஒளித்து வைப்பது இல்லை. போன் நம்பரே கொடுக்காமல் ஓவர்லாக் மெஷின் விற்க முடியாது. திருப்பூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர் வழி கேட்கத்தான் வேண்டும். வேறு எதையும் திறக்காத ஒரு நம்பரைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது சிம்

உங்கள் பெயரிலேயே இன்னொரு ப்ரீபெய்டு சிம் வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் ஏற்கெனவே எத்தனை ஓடுகின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத நம்பர் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால் அங்கேயே புகார் சொல்லவும் வழியுண்டு. 'டெம்பரரி நம்பர்' என்று இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை நம்ப வேண்டாம். அதே நம்பரை ஊரில் பத்துப் பேர் பயன்படுத்துவார்கள், உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியை எல்லோரும் படிப்பார்கள். அடுத்தவர் பெயரில் இருக்கும் சிம்மும் வேண்டாம்.

அந்த சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போடுவது எனக்குப் பிடித்த வழி. ஸ்மார்ட்போனின் இரண்டாவது சிம் இடத்திலும் போடலாம்தான். ஆனால் பட்டன் போனுக்கு ஒரு வசதி: சாயந்திரம் 7 மணிக்கு அணைத்து அலமாரியில் வைத்துவிட்டால் வியாபாரம் அன்றைக்கு முடிந்தது. அம்மாவிடமிருந்தோ பள்ளியிலிருந்தோ வரும் போன் மற்ற நம்பருக்கு வரும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற குழப்பமே இல்லை.

வாட்ஸ்அப்புக்கும் வழி இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப் செயலிக்குள் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் என்ற தனிச் செயலியும் உண்டு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், மெஷின் படங்களை விலையோடு அடுக்கி வைக்க அது தோது. பதிவு செய்யும்போது வரும் ஆறு இலக்க எண் பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து ஸ்மார்ட்போனில் தட்டினால் முடிந்தது.

பதிவு செய்த கையோடு பிரைவசி அமைப்புகளுக்குப் போங்கள். ப்ரொஃபைல் படம், கடைசியாகப் பார்த்த நேரம் இரண்டையும் 'என் தொடர்புகள்' மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். விற்பனை நம்பரில் குடும்பப் படம் எதற்கு? ஒரு தையல் மெஷின் படமே போதும். முக்கியமாக, குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதையும் 'என் தொடர்புகள்' என்று வையுங்கள். இதை விட்டுவிட்டால் ராத்திரி படுத்து காலையில் எழுவதற்குள் நீங்கள் ஏதோ ஒரு முதலீட்டு குரூப்பில் உறுப்பினராகி இருப்பீர்கள். தெரியாதவர்களின் வாட்ஸ்அப் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் அமைப்பும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் இரண்டு படிச் சரிபார்ப்பு. அதற்கு ஒரு ஆறு இலக்க ரகசிய எண் வைத்துவிடுங்கள். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த நம்பரை வங்கியில் கொடுக்காதீர்கள். ஆதாரில், வருமான வரியில், மின்சார இணைப்பில் கொடுக்காதீர்கள். "சும்மா கிடக்குதே, இதையும் போட்டு வைப்போம்" என்று ஒரு நாள் தோன்றும். தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரம் போடும்போது

ஓஎல்எக்ஸ் மாதிரியான செயலிகளில் உங்கள் நம்பரை விளம்பரத்தில் காட்டலாமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கலாம். அமைப்புகளில் பிரைவசி என்ற இடத்தில் தேடுங்கள். விற்பனை நம்பரே என்றாலும் அணைத்தே வையுங்கள். பேச்சு முதலில் செயலிக்குள் நடக்கட்டும். மார்க்கெட்பிளேஸில் நம்பரே தேவையில்லை, மெசஞ்சர் வழியாகத்தான் எல்லாம். ஆனால் அங்கே உங்கள் பேஸ்புக் பக்கத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பதெல்லாம் வாங்க வருகிறவர் கண்ணில் படும். அதில் நம்பர் தெரிகிறதா, நம்பரை வைத்து உங்களைத் தேட யாரை அனுமதித்திருக்கிறீர்கள் என்று பார்த்து, இரண்டையும் 'நான் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். 2021 ஏப்ரலில் 53 கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் நம்பர்கள் பேஸ்புக்கிலிருந்து திரட்டப்பட்டு இணையத்தில் கிடந்தன. நம்பரைக் கொடுத்து ஆளைத் தேடும் வசதியைப் பயன்படுத்தித்தான் அவற்றை அள்ளியிருந்தார்கள்.

விவரம் எழுதும் கட்டத்தில் நம்பரைப் போடவே போடாதீர்கள். செயலி தடுக்கிறது என்று சிலர் 'நைன் எய்ட் ஃபோர்' என்று எழுத்தில் எழுதுவார்கள், சிலர் நடுநடுவே புள்ளி வைப்பார்கள். விளம்பரங்களைத் துழாவி நம்பர் சேகரிக்கும் நிரல்களுக்கு இதெல்லாம் ஒரு தடையே இல்லை. மோசமான பக்கம் இன்னொன்று: நம்பருக்கென்று உள்ள இடத்தில் மட்டும் இருந்தால் செயலிக்குள் நுழைந்தவர்தான் பார்ப்பார், விவரத்தில் எழுதினால் தேடுபொறியும் எடுத்துக்கொள்ளும், விளம்பரங்களை நகலெடுத்துப் போடும் வேறு தளங்களும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் விளம்பரத்தை நீக்கினாலும் அந்த நகல்கள் நீங்காது.

போட்டோவிலும் நம்பர் ஒளிந்திருக்கும். புது மாதிரி இருக்கிறது என்று காட்ட, பில்லையும் வாரண்டி கார்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். பில்லில் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் இருக்கும். பில் இருக்கிறது என்று எழுதினால் போதும், நேரில் வருகிறவருக்குக் காட்டுங்கள். ஃபிரிட்ஜை விற்கிறீர்கள் என்றால் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருக்கும் தண்ணீர் கேன்காரர் சீட்டையும் பள்ளி அட்டவணையையும் எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். பைக், ஸ்கூட்டர் என்றால் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். இடம் கேட்கும்போது வரைபடத்தில் வீட்டின் மேல் குத்தாமல், 'சிங்காநல்லூர்' என்று ஏரியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"நம்பர் அனுப்புங்க மேடம்"

விளம்பரம் போட்டதும் வரும் முதல் செய்தி பெரும்பாலும் இதுதான். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. உடனே நம்பரை அனுப்பாதீர்கள். நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம்தாங்க இருக்கு. வீட்டுக்கா, யூனிட்டுக்கா வேணும்? என்னைக்கு வந்து பாக்குறீங்கன்னு சொல்லுங்க, அன்னிக்குக் காலையில நம்பர் தர்றேன்."

நிஜமாக வாங்க நினைப்பவர் இதற்குப் பதில் சொல்வார். மோட்டார் எத்தனை வாட், ஊசி எந்த நம்பர், ஸ்டாண்டு சேர்த்தா, விலையில் எவ்வளவு குறையும் என்று அவரும் கேட்பார். நம்பர் சேகரிப்பவருக்கு இந்தப் பேச்சுக்கெல்லாம் நேரம் இல்லை, மறுபடியும் "நம்பர்?" என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். இந்த ஒரு பதிலிலேயே கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். வாங்குகிறவரை அலைக்கழிக்கிறோமோ என்று சிலர் தயங்குகிறார்கள். பொருளைப் பார்க்க வருகிறவர் ஒருநாளும் இதற்குக் கோபித்துக்கொண்டு போகமாட்டார்.

நம்பர் கேட்பவர்களில் இன்னொரு வகையும் உண்டு: வேறொரு விளம்பரத் தளத்தின் ஊழியர்கள், புரோக்கர்கள். "உங்க ஆட் பார்த்தேன், எங்க கிட்ட பிரீமியம் லிஸ்டிங் போட்டா ரெண்டே நாள்ல வித்துரும்" என்பார்கள். 'புரோக்கர்கள், விளம்பர ஏஜெண்டுகள் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று விவரத்தில் ஒரு வரி எழுதலாம். அதைப் படித்தும் கூப்பிடுவார்கள், அது வேறு விஷயம்.

பேரம் பேசாமல் உடனே சரி என்பவரிடம் உஷாராக இருங்கள். கோவையில் இந்தக் கதை பெரும்பாலும் "நான் சூலூர் ஏர்ஃபோர்ஸ்ல இருக்கேன்" என்று ஆரம்பிக்கும். அடையாள அட்டைப் படம் வரும், சீருடைப் படம் வரும். டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, நேரில் வர முடியாது, ஆள் வந்து எடுத்துக்கொள்வான், பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்பார். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யூபிஐ பின் நம்பர் போடவும் வேண்டாம்; பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஒரு தனிநபர் இன்னொருவரிடம் யூபிஐயில் 'பணம் கேட்டு' கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, அதனால் இப்போது க்யூஆர் கோடும் லிங்க்கும்தான் அவர்களுக்கு மிச்சம். நிஜ ராணுவக்காரர்கள் என்னிடம் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். மனைவியோடு வந்து, தைத்துப் பார்த்து, ஐந்நூறு ரூபாய்க்காக அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டுத்தான் எடுத்துப் போனார்கள்.

இன்னொன்று, "நீங்க நிஜமான ஆள்தானான்னு தெரிஞ்சுக்க ஒரு கோடு அனுப்பியிருக்கேன், சொல்லுங்க" என்பது. அது உங்கள் வாட்ஸ்அப்பை அவர் போனில் திறக்க வந்த எண். இதற்காகத்தான் மேலே சொன்ன இரண்டு படிச் சரிபார்ப்பு: வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், உங்கள் ரகசிய எண் இல்லாமல் கணக்கு உடனே அவர் கைக்குப் போய்விடாது. கூரியர்காரர் என்று சொல்லிக்கொண்டு, நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கும் ஏதோ ஓர் எண்ணை டயல் செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர் நம்பருக்குத் திருப்பிவிடும் வேலை அது. டயல் செய்யாதீர்கள்.

பணம் வாங்கும் இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். இவ்வளவு நேரம் வீட்டு நம்பரைக் காப்பாற்றி வைத்துவிட்டு, கடைசியில் "ஜிபே பண்ணிடுங்க" என்று அதே நம்பரைச் சொல்லிவிடுவார்கள். பல செயலிகளில் யூபிஐ ஐடியே நம்பரில்தான் தொடங்கும். க்யூஆர் கோடைக் காட்டினாலும் ஸ்கேன் செய்கிறவர் திரையில் அந்த ஐடி தெரியும். செயலியின் அமைப்புகளில் நம்பர் இல்லாத இன்னொரு ஐடி உருவாக்கி, அதன் க்யூஆர் கோடை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் பதிவான பெயர் அப்போதும் தெரியும், அதைத் தவிர்க்க முடியாது. சின்னத் தொகை என்றால் நோட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பர் ஏற்கெனவே வெளியே போயிருந்தால்

வீட்டு நம்பரில் விளம்பரம் போட்டவர்கள் சிம்மை மாற்றத் தேவையில்லை. முதல் வேலை, விற்றுப்போன பொருளின் விளம்பரத்தை 'விற்றாகிவிட்டது' என்று குறித்து, பிறகு நீக்குவது. பொருள் போனதும் விளம்பரத்தை மறந்துவிடுகிறோம். அது பாட்டுக்கு நம்பரோடு அங்கேயே கிடக்கும். அடுத்து உங்கள் நம்பரை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். நகல் தளங்கள் ஏதாவது வந்தால் அவர்களுக்கு நீக்கச் சொல்லி எழுதுங்கள். தேடல் முடிவிலிருந்து தொடர்பு விவரங்களை எடுக்கச் சொல்ல கூகுளிலும் ஒரு படிவம் இருக்கிறது. ட்ரூகாலரில் பெயர் வர வேண்டாம் என்றால், கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடக்கிவிட்டு, பிறகு அவர்கள் தளத்தில் நம்பரை நீக்கும் பக்கத்தில் கோரிக்கை வைக்க வேண்டும்.

1909க்குப் போன் செய்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான டிஎன்டி பட்டியலில் பதிவு செய்யுங்கள். உங்கள் செல்போன் நிறுவனத்தின் செயலியிலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலும்கூடச் செய்யலாம். இதனால் எல்லா அழைப்பும் நின்றுவிடாது. முறைப்படிப் பதிவு செய்த விளம்பர நிறுவனங்கள்தான் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட வேண்டும்; அவர்களின் அழைப்பு 140 என்று தொடங்கும். சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து சைட் விற்கக் கூப்பிடுகிறவர் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. அவர்மேல் புகார்தான் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் டிராய் விதிகளை மாற்றியதிலிருந்து இது சுலபமாகியிருக்கிறது: டிஎன்டியில் பதிவு செய்யாதவர்களும் புகார் கொடுக்கலாம், அழைப்பு வந்து 7 நாளுக்குள் கொடுத்தால் போதும், 10 நாளில் 5 புகார் வந்தாலே அந்த நம்பர்மேல் நடவடிக்கைக்கு வழியுண்டு. எனவே பிளாக் செய்வதோடு நிறுத்தாதீர்கள். பிளாக் செய்தால் அந்த நம்பர் உங்களை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும். புகாருக்கு நம்பர், தேதி, என்ன விற்றார்கள் என்ற ஒரு வரி, இவ்வளவுதான் தேவை.

ஏமாற்ற முயன்றார்கள், பணம் போகவில்லை என்றால் சஞ்சார் சாத்தியில் சக்ஷு என்ற பகுதி அதற்கென்றே இருக்கிறது. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கை மாறுவதற்குள் பிடித்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக, விற்பனை சிம்மை எப்போது விடுவது? ஒரே ஒரு கட்டில் விற்க வாங்கிய சிம் என்றால், ரீசார்ஜ் தீரும் வரை வைத்திருந்து விட்டுவிடலாம். ஆனால் விடுகிற முறை இருக்கிறது. துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போகலாம். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். செயலியைத் தூக்கினால் கணக்கு அழியாது, அமைப்புகளுக்குள் போய் அழிக்க வேண்டும். விளம்பரச் செயலிகளில் அந்த நம்பரில் நுழைந்திருந்தால் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் கணக்குகளையும் மூடுங்கள். பழைய விளம்பரம் ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று பார்த்துவிட்டு சிம்மைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கட்டிலைக் கேட்டு, அந்த நம்பர் புதிதாகக் கிடைத்த யாரோ ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.